டெக்குக்குக் கீழே ஸ்கங்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம் ஸ்காபரோவில் வீடு வாங்கிய முதல் வருடமே எங்கள் டெக்குக்குக் கீழே, அதாவது வீட்டோடு சேர்ந்த மரத் திண்ணைக்குக் கீழே, ஒரு ஸ்கங்க் குடியேறியது. ஆபத்தென்றால் வாலடியிலிருந்து நாறும் திரவத்தைப் பீய்ச்சும், பூனை அளவிலான கறுப்பு வெள்ளை விலங்கு அது. அயலில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்: மிளகாய்த்தூள் தூவு, சுடுதண்ணீர் ஊற்று, பொறி வை. நான் ஒன்றையும் செய்யவில்லை. சமையலறை யன்னலில் நின்று அதைப் பார்க்கத் தொடங்கினேன்; இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களும், பதினைந்து வருடம் இங்கே இருந்தும் அந்த நாற்றத்தை மட்டுமே அறிந்தவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்த விலங்கு எச்சரிக்காமல் பீய்ச்சுவது மிகவும் அரிது. அந்த எச்சரிக்கையைப் படிக்க நாம் பழகிக்கொண்டால், வரும் தொல்லையில் பெரும்பகுதி வராமலே போய்விடும்.

ஸ்கங்க் என்பது நம் ஊர் மரநாயா, புனுகுப் பூனையா?

இரண்டும் இல்லை. ஸ்கங்க் இந்தியாவிலோ இலங்கையிலோ இல்லாத விலங்கு. அதனால்தான் மக்கள் வழக்கில் அதற்குத் தமிழ்ப் பெயர் இல்லை. மரநாயும் புனுகுப் பூனையும் பூனைக்குக் கிட்டிய இனத்தவை. ஸ்கங்க் அமெரிக்கக் கண்டத்து ரக்கூனுக்கும் நீர்நாய்க்கும் கிட்டிய உறவு. நீண்ட காலம் அதை நீர்நாய்க் குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். 1990களில் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மெபிடிடே என்ற தனிக் குடும்பமாகப் பிரித்தார்கள்.

குழப்பத்துக்குக் காரணம் வாலடியில் இருக்கும் சுரப்பி. புனுகுப் பூனைக்கும் அது உண்டு. அதிலிருந்து எடுக்கும் புனுகைத் திருப்பதியில் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பிறகு பெருமாளுக்குச் சாற்றுகிறார்கள். உடம்பில் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும் சுரப்பி, ஒன்றில் கோயிலுக்குப் போகும் வாசனையைத் தருகிறது. மற்றதில் தெருவையே காலிசெய்யும் நாற்றத்தைத் தருகிறது.

எத்தனை வகை? எங்கெங்கே இருக்கின்றன?

கனடாவின் தென்பகுதியிலிருந்து மெக்சிகோவின் வடபகுதி வரை பரவலாகக் காணப்படுவது வரி ஸ்கங்க். நம் பின்வளவுக்கு வருவது இதுதான். உடல் முழுக்கக் கறுப்பு. நெற்றியில் மெல்லிய வெள்ளைக் கோடு. பிடரியில் தொடங்கும் வெள்ளைப் பட்டை முதுகில் இரண்டாகப் பிரிந்து வால் வரை போகும். பட்டையின் அகலம் ஒன்றுக்கொன்று வேறுபடும். சில ஸ்கங்குகளின் முதுகு முழுவதும் வெள்ளையாக இருக்கும், சிலவற்றில் தலையில் மட்டும் ஒரு கீற்று. வீட்டுப் பூனை அளவு. எடை பொதுவாக 2 முதல் 5 கிலோ. இலையுதிர் காலத்தில் கொழுத்து உருண்டையாகிவிடும்.

புள்ளி ஸ்கங்குகள் இன்னும் சிறியவை, மெலிந்தவை, மரமேறக் கூடியவை. பன்றிபோல நீண்ட மூக்கால் மண்ணைக் கிளறும் வகை ஐக்கிய அமெரிக்காவின் தெற்கிலிருந்து தென் அமெரிக்கா வரை இருக்கிறது. ஆசியாவில் இக்குடும்பத்தவை இரண்டே: ஒன்று ஜாவா, சுமாத்திரா, போர்னியோ தீவுகளில், மற்றது பிலிப்பைன்சின் பலவான் பகுதியில்.

ஸ்கங்க் என்ற சொல் அமெரிக்கப் பூர்வகுடிகளின் அல்கொங்கியன் மொழிகளிலிருந்து வந்தது. சிக்காகோ என்ற நகரப் பெயரும் அப்படித்தான். மயாமி இலினோய் மக்களின் மொழியில் 'சிக்காக்வா' என்பது ஆற்றோரம் முளைத்த காட்டுப் பூண்டையும் குறிக்கும், வரி ஸ்கங்கையும் குறிக்கும். பூண்டுக்கும் ஸ்கங்குக்கும் ஒரே சொல் வைத்தவர்களின் மூக்கு எவ்வளவு சரியானது என்பது அடுத்த பதிலில் தெரியும்.

அந்த நாற்றம் எதனால்?

கந்தகத்தால். வாலடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் மஞ்சள் நிற எண்ணெய் போன்ற திரவம் சேர்ந்திருக்கும். அதன் முக்கியப் பொருள் தயோல் எனப்படும் கந்தகச் சேர்மங்கள். வெங்காயம், பூண்டு, அழுகிய முட்டை எல்லாவற்றிலும் மூக்கில் ஏறுவது இதே கந்தகக் குடும்பம்தான். காஸ் கசிந்தால் தெரிய வேண்டும் என்று மணமில்லாத சமையல் காஸில் கலக்கிறார்களே, மெர்காப்டன், அதுவும் ஒரு தயோல். ஆகவே வீட்டுக்குள் திடீரென்று இப்படி மணத்தால், ஸ்கங்காக இருக்கும் என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் எல்லோரும் வெளியே வந்து நின்று காஸ் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுங்கள்.

இந்தத் திரவத்தை 1990இல் கலிபோர்னியாவின் ஹம்போல்ட் பல்கலைக்கழக வேதியியலாளர் வில்லியம் வுட் திருத்தமாகப் பகுத்தார். தயோல்களோடு தயோஅசிட்டேட் என்ற சேர்மங்களும் அதில் இருக்கின்றன. இவை அவ்வளவாக நாறுவதில்லை. ஆனால் தண்ணீர் பட்டால் மெல்ல மெல்லத் தயோலாக மாறும். கழுவிக் காயவைத்த நாய் இரண்டு வாரம் கழித்து மழையில் நனைந்ததும் மறுபடி நாறுவது இதனால்தான். 'சரியாகக் குளிப்பாட்டவில்லை' என்று வீட்டில் யாரையும் திட்ட வேண்டாம்.

பீய்ச்சுவதற்கு முன் உண்மையிலேயே எச்சரிக்குமா?

ஆம். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு ஓகஸ்ட் இரவு, பத்து மணிக்கு மேல், குப்பை வைக்கப் பக்கக் கதவால் வெளியே வந்தேன். இரண்டரை மீட்டர் தூரத்தில், தொட்டியின் நிழலில் அது நின்றது. முதலில் அசையாமல் என்னைப் பார்த்தது. பிறகு முன்னங்கால் இரண்டையும் தூக்கித் தூக்கிச் சீமெந்தில் தட்டியது. தட், தட், தட் என்று, அடம்பிடிக்கும் பிள்ளை காலை உதைப்பதுபோலச் சத்தம் கேட்டது. நகங்கள் உரசுவது தனியாகக் கேட்டது. ஓரடி முன்னே பாய்ந்து, உடனே நிலத்தைக் கீறியபடி பின்னே இழுத்துக்கொண்டது. மூச்சைச் சீறியது. வால் மெல்ல எழுந்தது. மயிரெல்லாம் போத்தல் கழுவும் பிரஷ் மாதிரி விரிந்தது, ஆனால் நுனி மட்டும் தொங்கியது. நான் ஒரு வார்த்தை பேசாமல், திரும்பாமல், கையைக் கூட ஆட்டாமல் பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்துக் கதவுக்குள் போனேன். அரை நிமிடத்தில் வால் இறங்கியது. அது தன்பாட்டில் மூக்கை நிலத்தில் வைத்துக்கொண்டு வேலியடிக்குப் போய்விட்டது. ஒரு துளியும் பீய்ச்சவில்லை.

கால் தட்டுவதும் பின்னே இழுப்பதும் 'போ' என்று சொல்வது. வால் முழுவதும் நிமிர்ந்து, தலையும் பின்புறமும் ஒருசேர உங்களைப் பார்க்கும்படி உடலை லாடம்போல வளைத்துவிட்டால் அதுதான் கடைசிக் கட்டம். புள்ளி ஸ்கங்க் இன்னும் ஒருபடி மேலே போய், முன்னங்கால்களில் நின்று உடலைத் தலைகீழாக உயர்த்திக் காட்டும்.

எச்சரிக்காமல் பீய்ச்சுவது, பெரும்பாலும் அது திடுக்கிடும்போதுதான். மூலையில் மாட்டிக்கொள்வதும், நாய் பாய்ந்து விழுவதும், இருட்டில் யாரோ மிதிக்க வருவதும் அப்படிப்பட்ட நேரங்கள். ஸ்கங்குக்குக் கண்பார்வை மங்கல். சில மீட்டருக்கு அப்பால் தெளிவாகத் தெரியாது. இரவில் பின்வளவுக்கு இறங்கும்போது விளக்கைப் போட்டு, கதவைச் சத்தமாகத் திறந்து, 'நான் வருகிறேன்' என்று குரல் கொடுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

எவ்வளவு தூரம் பீய்ச்சும்? எத்தனை முறை?

மூன்று மீட்டருக்குள் குறி தப்பாது. காற்று சேர்ந்தால் இன்னும் எட்டும். சுரப்பியின் வாய் இரண்டும் சின்னக் குழாய்போல வெளியே வரும். எதிரி கண்ணுக்குத் தெரிந்தால் முகத்தைப் பார்த்து நேரான தாரையாகவும், ஓடிக்கொண்டே விடுவதென்றால் பனிபோலத் தூவலாகவும் விடும். சேமிப்பு ஏறக்குறைய 15 மில்லிலீட்டர், அதாவது மூன்று தேக்கரண்டி. ஐந்தாறு முறைக்கு மேல் வராது. தீர்ந்துவிட்டால் மறுபடி நிறைய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை அந்த விலங்குக்குக் காவல் இல்லை. அதனால்தான் அவ்வளவு சிக்கனமாக இருக்கிறது, அவ்வளவு எச்சரிக்கிறது.

வாலைப் பிடித்துத் தூக்கினால் பீய்ச்ச முடியாதாமே?

பொய். முயலாதீர்கள்.

நாய்மீது பீய்ச்சிவிட்டது. என்ன செய்வது?

முதலில் வீட்டுக்குள் விடாதீர்கள். கம்பளத்தில் ஒருமுறை உருண்டால் பிறகு கம்பளத்தோடு மாரடிக்க வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் நல்ல தண்ணீரால் தாராளமாகக் கழுவுங்கள். கண் எரியும், சிவக்கும், கொஞ்ச நேரம் பார்வை தெரியாமலும் போகும். பொதுவாகத் தானாகச் சரியாகும். உடலை மட்டும் இப்போது நனைக்க வேண்டாம்.

பிறகு இந்தக் கலவை: மருந்துக் கடையில் விற்கும் 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட் ஏறக்குறைய ஒரு லீட்டர், அப்பச் சோடா கால் கோப்பை, பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம் ஒன்றிரண்டு தேக்கரண்டி. திறந்த வாளியில் கலந்து, நுரைக்கும்போதே, காய்ந்த மயிரில் தோல் வரை தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு அலச வேண்டும். கண், வாய் பக்கம் படக்கூடாது. கறுப்பு நாய் என்றால் மயிர் கொஞ்சம் வெளிறலாம். மிச்சத்தைப் போத்தலில் ஊற்றி மூடி வைக்கவே கூடாது. உள்ளே வாயு பெருகிப் போத்தல் வெடிக்கும். இதைக் கண்டுபிடித்தவர் போல் கிரேபம் என்ற அமெரிக்க வேதியியலாளர். ஆய்வுகூடத்தில் கந்தக நாற்றத்தை அடக்க அவர் பயன்படுத்திய முறையை, சக ஊழியரின் பூனை ஸ்கங்கிடம் மாட்டியபோது வீட்டுப் பொருள்களுக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தார். 1993இல் அது அச்சில் வந்தது. தயோலோடு ஒட்சிசன் சேர்ந்ததும் அது நாறாத வேறொரு பொருளாகிவிடுகிறது. நாற்றத்தை மூடிமறைப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

தக்காளிச் சாறு வேலை செய்வதில்லை. எங்கள் வீட்டில் முதல்முறை எட்டு டின் ஊற்றினோம். நாய் ஆரஞ்சு நிறமானது. நாற்றம் போய்விட்டது என்றுதான் நினைத்தோம். கடைக்குப் போயிருந்த மகள் திரும்பிவந்து வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள். ஒரே நாற்றத்தில் நெடுநேரம் நின்றால் மூக்கு மரத்துப்போகிறது. தக்காளியின் புது மணம் மட்டும் தெரிகிறது. அவ்வளவுதான்.

மிக அரிதாக, அதிகம் பட்ட நாய்களுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைவதுண்டு. அடுத்த சில நாள்களில் ஈறு வெளிறினாலோ, நாய் சோர்ந்து படுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

சாம்பிராணி போட்டால் வீட்டு நாற்றம் போகுமா?

போகாது; இரண்டும் சேர்ந்து மணக்கும். யன்னல்களைத் திறந்துவிடுங்கள், துணிகளை அப்பச் சோடா சேர்த்துத் துவையுங்கள். மிச்சத்தை நாள்கள்தான் போக்க வேண்டும்.

புல்தரை முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். ஸ்கங்கின் வேலையா?

பெரும்பாலும் ஆம். மூக்கு நுழையும் அளவில், மேலே அகன்று கீழே ஒடுங்கிய குழி. அது தேடுவது வெண்புழு. ஊரில் எருக்குழியைக் கிளறும்போது அரைவட்டமாகச் சுருண்ட தடித்த வெள்ளைப் புழுவைப் பார்த்திருப்பீர்கள், தென்னையைக் கெடுக்கும் காண்டாமிருக வண்டின் புழு. ஜூன் வண்டு, ஜப்பானிய வண்டு ஆகியவற்றின் புழுக்கள் அதே சாயலில் இங்கே புல்லின் வேரைத் தின்கின்றன. ஸ்கங்க் அவற்றை மணத்தாலேயே கண்டுபிடித்துத் தோண்டி எடுக்கிறது. உங்கள் புல் நோயாளியாக இருக்கிறது என்று ஒரு வைத்தியர் இரவில் வந்து காட்டிவிட்டுப் போனதாகவே நான் எடுத்துக்கொள்வேன்.

வெட்டுக்கிளி, எலி, பறவை முட்டை, விழுந்த பழம், செத்த பிராணி, குப்பை என்று கிடைத்ததெல்லாம் தின்னும். குளவிக் கூட்டைத் தோண்டித் தின்னும். இரவில் தேனீப் பெட்டியின் வாசலைக் கீறி, வெளியே வரும் தேனீக்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்பதால் தேனீ வளர்ப்பவர்களுக்கு மட்டும் அதன்மீது நியாயமான கோபம் உண்டு.

குளிர்காலத்தில் எங்கே போகிறது?

வளைக்குள். முழு உறக்கம் இல்லை; வாரக்கணக்கில் மந்தமாகப் படுத்திருந்து, சற்று வெயில் வந்தால் எழுந்து நடமாடும். பெண்கள் பல ஒரே வளையில் நெருங்கிப் படுத்துச் சூட்டைப் பகிர்ந்துகொள்ளும். ஆண்கள் பெரும்பாலும் தனியே. இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்பையே தின்று தீர்ப்பதால், வசந்தத்தில் வெளியே வரும்போது எடை பெருமளவு குறைந்திருக்கும்.

பனி உருகுமுன்பே, பெப்ரவரியில் தெருவெங்கும் நாறுகிறதே?

அது இணைசேரும் காலம். பெப்ரவரி, மார்ச்சில் ஆண்கள் பெண்களைத் தேடி இரவில் வெகுதூரம் அலையும். விருப்பமில்லாத பெண், துரத்தும் ஆணை விரட்டப் பீய்ச்சும். வாகனத்தில் அடிபடுவதும் இந்தக் காலத்தில் அதிகம். ஸ்கங்க் ஆபத்தைக் கண்டால் பெரும்பாலும் ஓடுவதில்லை; நின்று வாலைத் தூக்கும். நாயிடமும் நரியிடமும் பலித்த அந்தத் துணிவு கார் விளக்கிடம் பலிப்பதில்லை. பெப்ரவரியில் 401 நெடுஞ்சாலையில் அந்த நாற்றம் காருக்குள் ஏறும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனக்கிறது.

அதற்கு எதிரிகளே இல்லையா?

ஓநாய்க்கு இனமான கொயோட்டியும் நரியும் பசி முற்றினால் துணியும். உண்மையான எதிரி பெரிய கொம்பு ஆந்தை. சத்தமின்றி மேலிருந்து இறங்குவதால் எச்சரிக்க நேரம் கிடைக்காது. ஆந்தைக்கு மோப்பமும் குறைவு. காட்டில் பெரும்பாலான ஸ்கங்குகள் மூன்று நான்கு வயதைத் தாண்டுவதில்லை. கூண்டில் வளர்ந்தவை பத்து வருடம் வரை வாழ்ந்திருக்கின்றன.

டெக்குக்குக் கீழே குடியிருக்கிறது. எப்படி வெளியேற்றுவது?

காலத்தைப் பாருங்கள். குட்டிகள் மே மாதமளவில் பிறக்கும், பொதுவாக நான்கு முதல் ஏழு. பிறக்கும்போது கண்ணும் காதும் திறந்திருக்காது. மூன்று வாரத்தில் கண் விழிக்கும். இரண்டு மாதமளவில் பால்குடி மறக்கும். தகப்பன் எட்டியும் பார்ப்பதில்லை. மே தொடங்கி ஓகஸ்ட் வரை வளையை அடைத்தால் குட்டிகள் உள்ளே பட்டினியால் சாகும். தயவுசெய்து அந்தக் காலத்தில் கை வைக்காதீர்கள்.

எங்கள் டெக்கின் ஸ்கங்க் ஜூன் கடைசியில் ஒரு மாலை வெளியே வந்தது. பின்னால் ஐந்து குட்டிகள், ஒன்றன் மூக்கு மற்றதன் வாலில் முட்ட, ஒரே வரிசை. தாய் நின்றால் எல்லாம் நின்றன. கடைசிக் குட்டி ஒரு இலையைக் கண்டு முன்னங்காலைத் தட்டி, உள்ளங்கை நீளம் கூட இல்லாத வாலை நிமிர்த்தியது. ஓகஸ்ட் முடிவில் அவை தாமாகவே போய்விட்டன.

போய்விட்டதா என்று அறிய, துவாரத்தில் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் தளர்வாக அடையுங்கள். மூன்று இரவு அசையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை. ஆனால் கடும் குளிரில் இந்தச் சோதனை செல்லாது, அது உள்ளே படுத்திருக்கும். பிறகு கம்பி வலையை நிலத்துக்குள் 30 சென்டிமீட்டர் இறக்கி, அடியில் வெளிப்புறமாக மடித்துப் புதையுங்கள். பொறிவைத்துப் பிடித்து எங்காவது தூரத்துக் காட்டில் விடும் எண்ணம் வேண்டாம். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள்தான் விட வேண்டும்.

பகலில் நடமாடினால் விசர் நோயா?

அப்படியல்ல. பால்கொடுக்கும் தாய்க்கு இரவு போதாது. பகலிலும் இரை தேடும். ஆனால் ரேபிஸ் எனப்படும் விசர் நோய் ஸ்கங்குகளிடம் உண்டு என்பதை மறக்கக்கூடாது. 2015 டிசம்பரில் ஒன்ராறியோவின் ஹமில்டன் நகரில் ரக்கூன் வகை ரேபிஸ் மீண்டும் தென்பட்ட பிறகு அது ஸ்கங்குகளுக்கும் பரவியது. தடுப்பு மருந்து வைத்த இரைப் பொட்டலங்களை அரசு தரையிலும் வானிலிருந்தும் போட்டுவருகிறது. தள்ளாடுதல், வட்டமாகச் சுற்றுதல், காரணமின்றி மனிதரை நோக்கி வருதல் இவற்றைக் கண்டால் பிள்ளைகளையும் நாயையும் உள்ளே எடுத்துக்கொண்டு, ரொறன்ரோ என்றால் நகராட்சியின் 311 எண்ணுக்கு அழையுங்கள். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டுக் கால்மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள். பீய்ச்சும் திரவத்தால் ரேபிஸ் பரவுவதில்லை.

தலையில் தயிர்க் கோப்பை மாட்டிய ஸ்கங்கைப் பார்த்தேன். நிலக்கீழ் அறை யன்னலுக்கு வெளியே உள்ள குழியிலும் ஒன்று விழுந்து கிடந்தது. கிட்டப் போகலாமா?

வாய் ஒடுங்கிய தயிர்க் கோப்பையை நக்கத் தலையை விட்டு மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. அதற்கு வனவிலங்கு மீட்பாளரை அழைப்பதே நல்லது. நீங்கள் செய்யக்கூடியது, கோப்பையைக் கழுவி, நசுக்கிவிட்டுத் தொட்டியில் போடுவது.

குழியில் விழுந்ததற்கு நாமே உதவலாம். வரி ஸ்கங்குக்குச் செங்குத்தான சுவரில் ஏற வராது. ஒரு நீளப் பலகையை எடுத்து, வழுக்காதபடி பழைய துவாயைச் சுற்றிக் கட்டுங்கள். மெல்லப் பேசிக்கொண்டே போய், செங்குத்தாக இல்லாமல் நன்றாகச் சாய்வாகக் குழிக்குள் இறக்குங்கள். காலைத் தட்டினால் அப்படியே நில்லுங்கள். நிறுத்திய பிறகு தொடருங்கள். வைத்துவிட்டு வீட்டுக்குள் போய் விளக்கை அணையுங்கள். இருட்டியதும் அது தானாக ஏறிப் போய்விடும்.